கதவைச் சாத்தும் கை

பிற்பகல் இரண்டு மணிக்கு ஸ்டுடியோவுக்குள் நுழைந்தேன். வெளியே ப்ராக் நகரம் பனியில் வெளுத்துக் கிடந்தது. உள்ளே கும்மிருட்டு. பொம்மைப் படம் எடுக்கும் இடத்தில் சன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்திருப்பார்கள். ஒரு கீற்று வெயில் புகுந்தாலும் எடுத்ததெல்லாம் பாழ். பதினொரு வருடமாக அந்த இருட்டில் உட்கார்ந்து பொம்மைகளுக்குச் சட்டை தைத்தவள் நான்.

அன்று தைக்கப் போகவில்லை. என் கணவர் ராதிம் பாதியில் விட்ட வேலையை முடிக்கப் போனேன்.

ஒரு கிழவர் பொம்மை இடக்கையால் கதவைச் சாத்த வேண்டும். கையைக் கொஞ்சம் நகர்த்தி, விலகி நின்று, கேமராவில் ஒரு படம். மறுபடி கொஞ்சம் நகர்த்தி, ஒரு படம். கதவு பாதி மூடியிருந்தபோது ராதிம் மாரடைப்பில் சரிந்தார். விழும்போது பொம்மையைப் பற்றிவிட்டார். அதன் கால்களிலும் கழுத்திலும் இருந்த உள்கம்பி முறிந்துபோயிற்று. மீதி பதினாறு படங்கள். திரையில் ஒரு வினாடிகூட ஓடாது. முடியாத காட்சியின் மேடையை எங்களில் யாரும் தொடமாட்டோம் என்பதால் மூன்று வாரம் அப்படியே இருந்தது. நான் போனதற்கு மறுநாள் கலைத்துவிடுவதாக மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

சாவு வீட்டில் நான் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்றார்கள். உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது, அதை யாரிடம் சொல்ல? அந்தக் கதவு மூடினால் அழுதுவிடுவேன் என்று நம்பினேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பொம்மைக்குள் கம்பியால் எலும்புக்கூடு செய்து எனக்குப் பழக்கமில்லை. கேமரா பார்க்கும் ப்ளாஷெனா அந்த வாரம் முழுக்கப் பக்கத்தில் நின்று திட்டியிருந்தாள்.

"கம்பிய ரெண்டா மடிச்சு நிதானமா முறுக்குடி. ஈரத்துணி பிழியற மாதிரி பிழிஞ்சா பட்டுனு போயிடும்."

போயிற்று. அடுத்ததில் முழங்கை மடங்க வேண்டிய இடத்திலும் பசையைப் பூசி இறுக்கிவிட்டேன்.

"இது பொம்மையா, மாவுக்கட்டு போட்ட நோயாளியா?" என்று சிரித்தாள்.

மூன்றாவது நின்றது. ஆனால் அதன் இடக்கைக்கு நான் புதுக்கம்பி போடவில்லை. பழைய பொம்மையிலிருந்து உருவி, நிமிர்த்திப் போட்டேன். ஒருமுறை வளைந்த கம்பி வளைந்த இடத்தை மறக்காது, மறுபடி பயன்படுத்தாதே என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். தெரிந்தேதான் செய்தேன். அது ராதிமின் விரல்கள் வளைத்த கம்பி. ப்ளாஷெனாவிடம் சொல்லவில்லை.

நானே தைத்த கோட்டுக்குள் எலும்புக்கூட்டை நுழைத்துத் தையல் போட்டேன். பாதத்தை மேசைக்கு அடியிலிருந்து திருகாணியால் முடுக்கினேன். கையைக் கதவில் வைத்து ஒரு நூலளவு தள்ளினேன். விலகினேன். ப்ளாஷெனா கேமராப் பொத்தானை அழுத்தினாள்.

திரும்பி வந்தபோது கை ஏற்கெனவே நகர்ந்திருந்தது.

"நீ தொட்டியா?"

"நான் கேமராகிட்டதானே நிக்கறேன்."

கம்பி தளர்ந்திருக்கும் என்று நினைத்தேன். விலகினேன். அழுத்தினாள். மறுபடியும் நகர்ந்திருந்தது. என் கைக்கு வராத அளவு சீரான நகர்வு.

ராதிமுக்குத்தான் அப்படி வரும்.

"ஹெத்விகா..." ப்ளாஷெனாவின் குரல் கிசுகிசுத்தது. "கதவு மூடலடி. தெறக்குது."

விளக்குகள் ஒரே சீராக இரைந்தன.

"வேணாம்டி. நிறுத்திடலாம்."

"அழுத்து," என்றேன்.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பதினாறாவது படத்தில் கதவு முழுசாகத் திறந்திருந்தது. கை கதவை விட்டுவிட்டு, நான் நின்ற பக்கம் நீண்டிருந்தது. என் இடக்கை விரலை அதன் மேல் வைத்தேன். அந்த விளக்குச் சூட்டில் பொம்மையெல்லாம் கொதிக்கும். அது சில்லென்று இருந்தது.

மறுநாள் மேடையைக் கலைத்தார்கள். கிழவரின் கோட்டில் இடக்கைப் பகுதி தட்டையாகத் தொங்கியது. உள்ளே கம்பி இல்லை. நான் போட்ட தையலில் ஒன்றுகூடப் பிரியவில்லை.

"எங்கடி போச்சு?" என்றாள் ப்ளாஷெனா. எனக்கு என்ன தெரியும்?

வீட்டுக்கு வந்து தேநீர் போட்டேன். வாசல் கதவைத் தாழிட்டு, அதை ஒட்டிய சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். இடக்கை மேசைமேல் கிடந்தது. நேற்றிலிருந்து அதில் உணர்வே இல்லை. கண் இமைத்தேன்.

கை ஒரு நூலளவு தள்ளியிருந்தது.

இமைத்தேன். இன்னொரு நூலளவு. மேசை விளிம்பு. இமைத்தேன். கதவின் நிலைச்சட்டம். நான் அசைக்கவில்லை. ஒவ்வொரு நகர்வும் ஒரே சீர்.

இப்போது விரல்கள் தாழ்ப்பாளின் மேல் இருக்கின்றன. கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ விலகி நின்று காத்திருக்கிறார்கள். கண்ணை விரியத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று வாரமாக வராத அழுகை இப்போதுதான் முட்டிக்கொண்டு வருகிறது. அழுதால் இமைக்க வேண்டியிருக்கும்.