இறக்கைக்கு நாற்பது போல்ட்

இளவரசன் செத்து மூன்று நாளாகிறது!

ஸ்டோர் மாடியிலிருந்து கால் தவறி விழுந்துவிட்டான் என்று பேச்சு. அவன் பார்த்த வேலை இப்போது அருணாதேவிக்கு. விமான பாகங்களைச் சோதித்து, தரம் சரி என்று முத்திரை குத்தும் வேலை.

பௌர்ணமி. வேங்கிக்கால் தாண்டியிருந்த அந்தத் தொழிற்சாலையில் ஈ, காக்கை இல்லை. அத்தனை பேரும் கிரிவலத்துக்குப் போயிருந்தார்கள்.

டொக்!

சோதனை அறைக்குள் வந்த முதலாளி அருணகிரி கதவைத் தாழிட்டார்.

அருணாதேவி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"என்னம்மா... நாப்பது போல்ட்டும் பாஸா?"

"இல்ல சார்... பதினொண்ணுல விரிசல் இருக்கு. இறக்கைய தாங்கற போல்ட் சார். மேல போய் உடஞ்சா, உள்ள இருக்கற ரெண்டு உசுரும்..."

"நாளைக்கு டெலிவரி. முத்திரைய குத்து!"

"மாட்டேன் சார்..."

"இளவரசனும் இப்படித்தான் சொன்னான்." அருணகிரி சிரித்தார். "பாவம்... மாடியில பாத்து நிக்கத் தெரியல."

பயம்! அருணாதேவி சான்றிதழில் முத்திரையைக் குத்தினாள்.

"சமத்து!" அதன் கீழே அருணகிரி கையெழுத்துப் போட்டார்.

"சார்... ஒரு விஷயம்." ஒரு தாளை நீட்டினாள். "விமானம் செய்யற கம்பெனியிலேருந்து மெயில் வந்திருக்கு. சான்றிதழ்ல கையெழுத்து போட்டவரு, மொத தடவ பறக்கறப்ப பைலட்டுக்குப் பின்னாடி உக்காரணுமாம்."

அருணகிரியின் முகம் வெளுத்தது.

"நா... நானா?"

"நீங்கதான் சார். பாஸான போல்ட்தானே... என்ன பயம்?"

"அடியே! அது பத்து நிமிஷம் தாங்காதுடி!" சான்றிதழைச் சுக்குநூறாகக் கிழித்தார். "இதச் சொன்னதுக்குத்தானே அந்த இளவரசன தள்ளிவிட்டேன்! இப்ப நானே போய் சாவணுமா?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

டூ லேட்!

இரும்பு அலமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார் சப்-இன்ஸ்பெக்டர் தௌஹீத்.

"இன்னொரு தடவ சொல்லணும்னு இல்ல சார். நல்லாவே கேட்டுச்சு."

"அந்த மெயில்..." அருணகிரி அந்தத் தாளைப் பார்த்தார்.

"காலைல நானே டைப் பண்ணது சார்." அருணாதேவி அப்படியே நாற்காலியில் சரிந்து, வாய்விட்டு அழுதாள்.

தௌஹீத் விலங்கை மாட்டினார்.

"பயப்படாம வாங்க சார்... நம்ம ஜீப்பு தரையிலதான் போவும்!"