பத்தாயம் நிரம்புகிறது

தங்கம்மாள் மாமனாரின் வலது மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கிழவர் இடது கையால், நெல் கொட்டி வைக்கிற பத்தாயத்தின் காலைக் கட்டிக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்கும் உடம்பு, கஞ்சியைத் தவிர வேறெதுவும் இறங்காத வயிறு. ஆனாலும் இம்மியும் நகரவில்லை.

"மாமா, கையை விடுங்க. மறுபடியும் ஆடுனா வூடு தலைமேல வந்துரும்."

"வரட்டும்."

"வந்தா உங்க மவனுக்கு யாரு பதில் சொல்றது?"

ரெத்தினம் அவளைப் பார்க்கவில்லை. பத்தாயத்தின் பலகையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அளந்து முடியல தங்கம். முடிஞ்சதும் வர்றேன்."

எதை அளக்கிறார்? தங்கம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருவே வெளியே கிடக்கிறது, இவர் இருட்டில் உட்கார்ந்து உளறுகிறார்.

சற்றுமுன் சீரியல் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. முதலில் அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று கிசுகிசுத்தன. பிறகு கொல்லைக் கிணற்றில் யாரோ குதித்த மாதிரி தண்ணீர் சுவரில் அறைந்தது. தரை, பாரம் ஏற்றிய லாரி அடியில் போவதுபோல் ஒருமுறை நெளிந்து அடங்கியது. கரண்ட் போய்விட்டது. கூடத்துச் சுவரில் ஓட்டிலிருந்து தரைவரை கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு.

ஊர் முழுக்க ஒரே ஓட்டத்தில் பள்ளிக்கூடத் திடலுக்குப் போய்விட்டது. ஒருத்தி மிக்சியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பக்கத்து வீட்டுத் துரைக்கண்ணு சோற்றுத் தட்டோடு ஓடினார். போன இடத்தில் நின்று மிச்சத்தையும் சாப்பிட்டார்.

கிழவர் மட்டும் ஓடவில்லை.

தங்கம்மாள் அவர் கையை உதறிவிட்டு எழுந்தாள். ஆள் கூட்டிவந்து குண்டுக்கட்டாகத் தூக்கினால்தான் உண்டு. போகிற போக்கில் நடுவிரல் முட்டியால் பத்தாயத்தை ஒரு தட்டு தட்டினாள். சின்ன வயதுப் பழக்கம். மூடியைத் திறக்காமலே நெல் எதுவரை இருக்கிறது என்று பார்க்க எல்லா வீட்டிலும் அப்படித்தான் தட்டுவார்கள். வெறும் பலகை டங்கென்று அதிரும். நெல் இருந்தால் தொப்பென்று அமுங்கும்.

முழங்கால் உயரத்தில் தட்டினாள்.

தொப்.

வாசல்வரை போனவள் நின்றாள். இந்தப் பத்தாயத்தில் நெல் கிடையாது. அறுத்ததைக் களத்திலிருந்தே கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிவிடுகிற காலம் இது. மிராசுதாரின் வாரிசுகளிடமிருந்து வீட்டை வாங்கியபோது அவளே ஏணி போட்டு இறங்கி, எலிப்புழுக்கையைக் கூட்டி அள்ளியிருக்கிறாள். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் அந்தப் பலகைப் பெட்டிக்குள் அன்றிலிருந்து காற்று மட்டும்தான் இருக்கிறது.

ஆட்டத்தில் பலகை நெகிழ்ந்திருக்கும். தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓடினாள்.

திடலில் ஆளுக்கொரு சேதி பேசினார்கள். நாகூரில் கடல் உள்வாங்கிவிட்டதாம். மேட்டூர் அணையில் விரிசலாம். யார் சொன்னது என்று கேட்டால் எல்லாரும் அடுத்தவரைக் காட்டினார்கள். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தவன், பொதுமக்கள் பீதியடைய வேண்டாம், மறு அறிவிப்பு வரை யாரும் வீட்டுக்குள் போக வேண்டாம் என்று ஒரே மூச்சில் கத்திவிட்டுப் போனான்.

"அண்ணே, மாமா வரமாட்டேங்கிறாரு. ரெண்டு பேர் வந்தாப் போதும், தூக்கிட்டு வந்துரலாம்," என்றாள் துரைக்கண்ணுவிடம்.

"தங்கச்சி, வாசப்படி வரைக்கும் வர்றேன். உள்ள கூப்புடாத."

"வாசப்படியில நின்னு என்ன பண்ணப் போறீங்க?"

"வேற என்ன, சாமி கும்புடுறதுதான்." சிரிப்பு பாதியில் நின்றது. குரலைத் தாழ்த்தினார். "எம் பொண்டாட்டி தாலியைக் கழட்டிக் கையில குடுத்துட்டு, இப்ப போங்குறா. அந்த வூடு எங்களுக்கெல்லாம் ஆவாது தங்கச்சி. கூலிப் போராட்டத்தப்ப எங்கப்பனை அந்தக் கூடத்துலதான் கட்டி வச்சு அடிச்சானுவ. உங்க மாமா அதையே வெலைக்கு வாங்கிக் குடியிருக்காரு பாரு, அவரு தைரியம் யாருக்கு வரும்."

அந்தக் கதை ஊரறிந்தது. அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டுச் சேரி மொத்தமும் அரிவாளைக் கீழே வைத்த வருஷம். சென்னையில் ஆட்சி மாறியிருந்தது, களத்துமேட்டில் எதுவும் மாறவில்லை. கொடி பிடித்து முன்னால் நின்றவர் ரெத்தினத்தின் அண்ணன் இராஜாங்கம். ஒருநாள் சாயங்காலம் காணாமல் போனார். "நாந்தான் நாகப்பட்டினம் கூட்டிட்டுப் போயி மலேயா கப்பல்ல ஏத்திவிட்டேன். இங்க இருந்தா வெட்டிப்புடுவானுவ," என்று ரெத்தினம் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். இராஜாங்கத்தின் பெண்டாட்டி பொன்னுத்தாய் சாகும்வரை தபால்காரரின் சைக்கிள் மணிக்கு வெளியே வந்து நின்றாள்.

மிராசு வீட்டில் நெல் அளந்து இதே பத்தாயத்தில் கொட்டுகிற வேலை அப்போது ரெத்தினத்துக்கு. அவர் அளப்பதைக் கேட்பதற்கென்றே களத்தில் கூட்டம் நிற்குமாம். முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்றுதான் சொல்வார்கள். அந்த லாபத்தை ரெத்தினம் பாட்டு மாதிரி இழுப்பார். தெருப் பிள்ளைகள் இன்றைக்கும் அவரைக் கண்டால் அதே ராகத்தில் "லாபமே லாபம்" என்று இழுத்துவிட்டு ஓடும். அவருக்கு மட்டும் அதைக் கேட்டால் முகம் செத்துவிடும்.

துரைக்கண்ணுவின் டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு தங்கம்மாள் தனியாகவே திரும்பினாள். அவர் சொன்னபடி வாசப்படி வரைக்கும் வந்து நின்றார்.

கூடத்தில் புதுநெல் வாசம் அடித்தது. தண்ணீர் வராமல் குறுவையே போடாத வருஷத்தில், இப்போதுதான் கட்டடித்துத் தூற்றியதுபோல் சுணையும் தூசியுமாக மூக்கில் ஏறியது. எங்கோ சரசரவென்று ஒரு சத்தம். நின்றது. மறுபடி சரசர. வெடிப்பில் மண் உதிர்கிறது என்று நினைத்தாள். அப்படி நினைக்கத்தான் விரும்பினாள்.

கிழவர் இப்போது எழுந்து நின்று பலகையில் உள்ளங்கையை வைத்திருந்தார்.

டெலிபோன் அலறியது. ஷார்ஜாவிலிருந்து புருஷன் துரைராசு.

"டிவியில ஓடுது, நம்ம பக்கம் பூமி ஆடிச்சாமே. அப்பாவை வெளிய கொண்டாந்துட்டியா?"

"எங்க வர்றாரு? பத்தாயத்தைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. நீங்களே சொல்லுங்க."

"ஒரு கெழவனை வெளிய கொண்டு வர முடியல ஒன்னால?"

"நீங்க இங்க வந்து தூக்குங்களேன். அங்க உக்காந்துக்கிட்டு என்னை அதட்டுறீங்க."

மறுமுனையில் குரல் மாறியது.

"தங்கம், அங்க யாரு நெல்லு கொட்டுறது?"

"என்னது?"

"நெல்லு கொட்டுற சத்தம் கேக்குது. அப்பா லாபம் சொல்றாரே. இந்த நேரத்துல எதுக்கு அளக்குறாரு?"

தங்கம்மாள் டார்ச்சைக் கிழவரின் முகத்துக்குத் திருப்பினாள். உதடுகள் இறுக மூடியிருந்தன. கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அவரு பேசவே இல்லீங்க," என்றாள்.

லைன் போய்விட்டது.

ரிசீவரை அப்படியே விட்டாள். அது ஒயரில் தொங்கி ஆடியது. தங்கம்மாள் பத்தாயத்தருகே போனாள். தட்டாதே என்று உள்ளே ஏதோ சொன்னது. முட்டி தானாக மடங்கியது.

இடுப்பு உயரத்தில், தொப்.

நெஞ்சு உயரத்தில், தொப்.

கழுத்து உயரத்தில், டங்.

டங் என்றதற்கு உள்ளிருந்து பதில் வந்தது. மெதுவாக. அதே உயரத்தில். டக், டக்.

"மாமா. உள்ள ஆளு இருக்கு."

அவர் தலையசைத்தார். தெரிந்த விஷயத்துக்கு அசைப்பதுபோல்.

சரசரவென்று கொட்டியது. கூரைப் பக்கமிருந்து, பத்தாயத்தின் மேல்வாயிலிருந்து. டார்ச்சை மேலே அடித்தாள். மூடி மூடியபடியே இருந்தது. சாத்திய ஏணியில் யாருமில்லை. ஆனால் ஏணியின் படிகள் ஒவ்வொன்றாக முனகின, தலைச்சுமையோடு ஒருவன் ஏறினால் முனகுவதுபோல்.

அப்போதுதான் அவளுக்கும் குரல் கேட்டது.

வாலிபக் குரல். கணீரென்று. அந்த இழுப்பு. ஊருக்கே தெரிந்த ராகம்.

"லாபமே லாபம்..."

சரசர.

டக், டக், டக்.

"ரெண்டே ரெண்டு..."

சரசர.

டக் டக் டக் டக். உள்ளே நகம் பலகையைப் பிராண்டியது. அந்தச் சத்தம் கழுத்திலிருந்து முகவாய்க்கு ஏறியது. முகவாயிலிருந்து மூக்குக்கு.

குரல் தடுமாறவில்லை. அவசரப்படவும் இல்லை. தட்டுகிற சத்தத்துக்கு இடம் விட்டு, அது முடிந்ததும் அடுத்த மரக்காலைச் சொன்னது.

வாசலிலிருந்து துரைக்கண்ணு கத்தினார். "தங்கச்சி, வெளிய வா. தம்ளரெல்லாம் ஆடுது பாரு."

அலமாரியில் மறுபடி கிசுகிசுப்பு. தங்கம்மாள் மாமனாரின் மணிக்கட்டைப் பற்றினாள். இழுத்தாள். அவர் அசையவில்லை. பலகையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டக் டக்.

டக்.

தட்டுவது நின்றது.

தங்கம்மாள் மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். குரலும் நிற்கும் என்று. யாராக இருந்தாலும் இப்போது நிறுத்துவான் என்று.

சரசர.

"மூணே மூணு..."

சரசர.

"நாலே நாலு..."

பத்தாயத்தின் வாய்வரை பலகைகள் புடைத்தன. மூடி ஒரு விரற்கடை எழும்பி அடங்கியது. பிறகு சத்தமே இல்லை. நெல் இறுகிப் படியும் கரகரப்பு மட்டும்.

ரெத்தினம் பலகையிலிருந்து கையை எடுத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேலை முடித்துக் கிளம்புகிறவரின் நிதானம்.

"அளந்தாச்சு தங்கம்," என்றார். "வா, போவோம்."

அவளை நோக்கிக் கையை நீட்டினார். உள்ளங்கை முழுக்கப் புதுநெல்லின் சுணை ஒட்டியிருந்தது. அவருக்குப் பின்னால், டார்ச் வெளிச்சத்தில், முகத்தின் உயரத்தில், இரண்டு பலகைகளுக்கு நடுவே விட்டிருந்த இடுக்கில் நான்கு விரல்நுனிகள் வெளியே நீண்டிருந்தன. நகங்களில் உமி. ஆள்காட்டி விரலின் நுனி இன்னும் பலகையைத் தேடி லேசாக மடங்கிக்கொண்டிருந்தது.

தரை ஆடத் தொடங்கியது.

தங்கம்மாள் மாமனார் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை.