சூட்டுக்குள் ஒரு துவக்கு

கொழும்பிலிருந்து வந்த இரகசியப் பொலிஸ் இன்ஸ்பெக்டர் ஸலாஹுதீன் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. அதற்குள் கல்முனைப் பக்கத்து அந்தச் சின்னப் பொலிஸ் நிலைய வாசலில் றாஹிலா என்ற பெண் அவரை மறித்துக்கொண்டாள்.

"சேர், என்ட புருசன் துவக்குக் களவெடுக்கிற ஆளில்ல. வாய்க்கால் தண்ணிக்காகப் பொலிசோட வாய்காட்டினது உண்மை. அதுக்கு அந்த மனிசன மறியல்ல அடைச்சு வெக்கிறதா?"

"பாக்கிறன், மகள்" என்றார். உத்தியோகக் காலம் முழுக்கச் சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துப்போன பதில் அது.

போன கிழமை நிலையத்து ஆயுத அறையில் ஒரு துவக்கு காணாமல் போயிருந்தது. பூட்டு உடையவில்லை. அந்தப் பூட்டின் திறப்பு இருந்தது சார்ஜன்ட் கோணாமலையிடமும் கான்ஸ்டபிள் ஹஸனிடமும் மட்டும். துப்புக் கிடைத்ததென்று நேற்று ஹஸன் போய், றாஹிலாவின் கணவன் அச்சிமுகம்மதுவின் வயலிலிருந்து அதை எடுத்து வந்தான். அறுத்த கதிர்க்கட்டுகளை அடுக்கிவைத்த சூட்டுக்குள் இருந்ததாம்.

ஹஸன் புடைவைக் கடைக்காரரின் மகன். இரகசியப் பொலிசில் சேரத் துடித்துக்கொண்டிருந்தான். வயலுக்குப் போகும் ஜீப்பில் அவன் வாய் ஓயவில்லை.

"கொழும்புல உங்கட வேலை எப்பிடி சேர்?"

"கால் உளையும். சோறு ஆறும். வீட்டுப் பிள்ளைகள் முகம் மறக்கும்."

"பரவாயில்ல சேர்!"

ஸலாஹுதீனுக்குச் சிரிப்பு வந்தது. தானும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தோம் என்று அவன்மேல் பிரியமும் வந்தது.

காலம் தப்பிய மழையில் வயல் ஊறிக் கிடந்தது. சூட்டின் ஒரு பக்கம் மட்டும் கதிர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நெல்மணிகள் பச்சையாக முளைவிட்டிருந்தன.

"நேத்து இதக் கலைச்சியா?"

"இல்ல சேர். கைய உட்டு இழுத்தன், வந்திட்டுது."

"சரி, சரிஞ்ச கட்டுகள அடுக்கி விடு."

ஹஸன் சுறுசுறுப்பாக அடுக்கினான், கதிர்கள் வெளியே தெரியும்படி.

"ஏன் கதிர வெளியில வெக்கிறாய்?"

"உள்ளுக்க வெச்சா எப்பிடிக் காயும் சேர்?"

ஸலாஹுதீன் அப்படியே வரம்பில் குந்திவிட்டார். அவர் நிந்தவூர் வயல்காரரின் மகன்.

நிலையத்துக்குத் திரும்பியதும் றாஹிலா, அடைபட்டிருந்த அச்சிமுகம்மது, கோணாமலை, ஹஸன் நால்வரையும் கூப்பிட்டு இருத்தினார்.

"சூடு வெக்கிற வயல்காரன் கதிர உள்ளுக்குத்தான் வெப்பான். மழைத்தண்ணி வெளியில நிக்கிற தாளோட வடிஞ்சு போயிரும், நெல் நனையாது. அங்க ஒரு பக்கம் கதிர் வெளியில கிடந்து முளைச்சிருக்கு. ஒரு ராவில நெல் முளைக்காது. துவக்குக் காணாமப் போனப்பவே ஒரு ஆள் சூட்டப் பிரிச்சு, ஒளிச்சு, திருப்பி அடுக்கியிருக்கான். அச்சிமுகம்மது தன்ட விளைச்சல அப்பிடி அழிப்பாரா? கோணாமலை, நீங்க அடுக்குவீங்களா?"

"அப்பிடி அடுக்கினா எங்கட அப்பா என்னை வெட்டியிருப்பார் சேர்."

"அப்ப, திறப்பு உள்ள ஆள் இன்னும் ஒருத்தன்தான்."

ஹஸன் தலை நிமிரவில்லை.

"எங்கட நெல்லு..." என்று றாஹிலா விசும்பினாள். அச்சிமுகம்மது அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

"மூணு தரம் அப்ளிகேஷன் போட்டன் சேர்" என்றான் ஹஸன். "ஒருத்தரும் பாக்கல்ல. பெரிய கேஸ் ஒண்டு புடிச்சா நீங்க பாப்பீங்கண்டு நெனச்சன்."

மூன்றாவது விண்ணப்பத்தைப் பார்த்து, இவனை எடுக்கலாமென்று கையெழுத்து வைத்தவரே ஸலாஹுதீன்தான். அதை அவனிடம் சொல்லாமல், கோணாமலையிடம் விலங்கைக் கேட்டு வாங்கினார்.