அரை நிமிட நிசப்தம்

உறைக்குள் மெமரி கார்டு இருந்தது. கார்டுக்குள் ஒன்றும் இல்லை.

பேராசிரியர் அதைக் கணினியிலிருந்து உருவி மேசைமீது வைத்தார். விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய கறுப்புத் தகடு. ஊடகவியல் முதலாண்டு வகுப்பே அதைப் பார்த்தது. பிறகு அதை ஒப்படைத்திருந்த மாணவியைப் பார்த்தது.

"எங்கேம்மா உன் பதிவு?"

"அதுலதான் சார் இருந்துச்சு. நேத்து சாயங்காலம் ஒலிக்கூடத்துத் தட்டுல வைக்கும்போதுகூட போட்டுக் கேட்டேன்."

"ரெக்கார்ட் பட்டனை அழுத்தினியா?"

"அழுத்தினேன்."

"எல்லாரும் இதைத்தான் சொல்லுவீங்க. வருஷத்துக்கு ஒருத்தர் இப்படி வந்து நிப்பீங்க. கவனக்குறைவு. வேற என்ன?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழும்பியது. "கோட்டான் பேசாம உட்கார்ந்திருந்ததை அப்படியே பதிஞ்சிருக்கும் சார்!"

வகுப்பு குலுங்கியது. குரலுக்குச் சொந்தக்காரன் மைக்செட். வாயைத் திறந்தால் மூன்று அறை தாண்டிக் கேட்கும் என்பதால் அந்தப் பெயர். அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்ததும் அவன்தான். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அது சுருங்கிக் கோட்டான் ஆகிவிட்டது. அவளும் அதை விழுங்கிப் பழகிவிட்டாள்.

இன்று விழுங்க முடியாமல் தொண்டையில் நின்றது வேறொரு சொல். கவனக்குறைவு.

அதே சொல்லைத்தான் அக்காவின் முகத்திலும் எறிந்திருந்தார்கள். ஓட்டல் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்க்கும் கூடத்தில் அக்காவுக்கு வேலை. சூடான உருளை அவள் வலது கையை இழுத்துக்கொண்டபோது, நிறுத்தும் பொத்தான் பழுதாகி மாதக்கணக்கில் கிடந்தது. இரண்டு விரல் போயிற்று. 'ஊழியரின் கவனக்குறைவு' என்று முதலாளி ஒரே வரியில் முடித்துவிட்டார். அன்றிலிருந்து அக்கா அதைப்பற்றி வாயைத் திறந்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை திறந்தாள். தங்கையின் முதல் பாடப் பதிவுக்காக, சமையலறைத் தரையில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். முடித்ததும் எழுந்துவிட்டாள்.

"இவ்வளவுதான்டீ. இன்னொரு தடவை யார் கேட்டாலும் சொல்லமாட்டேன். நீ கேட்டாலும்தான்."

அந்தப் பேச்சுதான் இப்போது இல்லை.

இடைவேளையில் அவள் ஒலிக்கூடத்துக்குப் போய், கார்டை மீண்டும் கணினியில் செருகி, வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவுக்கு முன்னால் அவள் உண்டாக்கிய 'அக்கா' என்ற கோப்புறை அப்படியே இருந்தது. உள்ளேதான் காலி.

ஒலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர், மாணவர்கள் எல்லாருக்கும் அண்ணன், ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்த கார்டுகளைத் தினமும் காலையில் மொத்தமாகத் துடைத்துக் காலியாக்குவது அவர் வேலை. அவளைக் கண்டதும் முகம் சுருங்கியது.

"என்னைச் சந்தேகப்படுறியா? உறையில போட்டு வச்ச கார்டை நான் தொடவே மாட்டேம்மா."

"இல்லண்ணா. நீங்க துடைச்சிருந்தா கோப்புறையும் சேர்ந்து போயிருக்கும். இது உள்ள இருந்ததை மட்டும் யாரோ எடுத்திருக்காங்க. நேத்து நான் போனப்புறம் இங்க யார் இருந்தாங்க?"

"கண்ணாடி போட்ட பொண்ணு இருந்துச்சு. மைக்செட் இருந்தான். ரெண்டு பேரும் எடிட் பண்ணிட்டு இருந்தாங்க."

"அவங்க முடிச்சிட்டாங்களா?"

"கண்ணாடி சீக்கிரமே முடிச்சிட்டுப் போயிடுச்சு. இவன்தான் ஒலிப்பதிவு அறையைத் திறந்து விடுங்கண்ணான்னு உயிரை எடுத்தான். அங்க சீனியர்ங்க பதிவு போயிட்டிருந்துச்சு, முடியாதுன்னுட்டேன். பூட்டும்போது பார்த்தா வேலையை முடிச்சிட்டு இளிச்சுட்டு உட்கார்ந்திருக்கான்."

"அந்த அறை எதுக்குக் கேட்டான்?"

"யாருக்குத் தெரியும்? ஒரே நிமிஷம் போதும்னான்."

அவள் வெளியே வந்தாள்.

மதிய வகுப்பில் பதிவுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டார்கள். கண்ணாடி அணிந்த பெண் பேருந்து நிறுத்தத்தைப் பதிந்திருந்தாள். ஒட்டிய இடத்திலெல்லாம் பேருந்துகள் பாதியில் அறுந்து விழுந்தன. பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் மைக்செட்டின் முறை. தன் மாமாவை ஒலிப்பதிவு அறைக்கு அழைத்து வந்து எடுத்த பேட்டி. மாமா பேசினார், நிறுத்தினார், பேசினார்.

"கேட்டீங்களா?" பேராசிரியர் நிமிர்ந்தார். "எத்தனை வெட்டு, ஒண்ணாவது துருத்துதா? முதல் நாளே என்ன சொன்னேன்? பேச்சு முடிஞ்சதும் அந்த அறையோட நிசப்தத்தை அரை நிமிஷம் பதியணும். வெட்டின இடத்துல அதைப் போட்டு நிரப்பணும். இவன் செஞ்சிருக்கான்."

மைக்செட் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மாமா பேசியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. மாமா பேசாத இடங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்தாள்.

"சார், நான் இவன்கிட்ட கேள்வி கேட்கலாமா?"

கோட்டான் தானாக வாயைத் திறந்தது அதுதான் முதல்முறை. வகுப்பு அடங்கியது.

"எங்க பதிஞ்ச?"

"காது இல்லையா? ஒலிப்பதிவு அறையில."

"முழுக்கவா?"

"முழுக்க."

"ஏசி?"

"பதியும்போது அணைக்கணும், தெரியாதா? அணைச்சுட்டேன்."

"அந்த அறையில ஃபேன் இருக்கா?"

"ஃபேனா? அங்க மூச்சு விட்டாலே கேட்கும். ஃபேன் எவன் வைப்பான்?"

"அப்போ இது என்ன? சார், பேச்சை விட்டுடுங்க. நடுவுல இருக்கிற சும்மாவை மட்டும் சத்தமா வைங்க."

பேராசிரியர் தயங்கினார், பிறகு குமிழைத் திருப்பினார். மாமாவின் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே, மெல்ல, ஏதோ சுழன்றது. கிறீச். கிறீச். பிறகு நீளமாக ஒரு கிறீ...ச். மீண்டும் அதே வரிசை.

"அது எங்க வீட்டுச் சமையலறை ஃபேன் சார். ஞாயிற்றுக்கிழமை அணைக்க மறந்துட்டேன். ரெண்டு குட்டை, ஒரு நெட்டை. அதைக் கேட்டுக்கிட்டேதான் தினமும் படிக்கிறேன்."

"ஊர்ல இருக்கிற ஃபேன் எல்லாம் கிறீச்சுன்னுதான் கத்தும்!" மைக்செட்டின் குரல் இப்போது பக்கத்து இருக்கையைத் தாண்டவில்லை.

"இவன் மாமாவை அனுப்பினப்புறம்தான் நிசப்தம் பதியலைன்னு ஞாபகம் வந்திருக்கு. அதுக்குத்தான் நேத்து அறையைத் திறக்கச் சொல்லி அண்ணனைக் கெஞ்சியிருக்கான். ஒரே நிமிஷம் போதும்னு. திறக்கலை. தட்டுல என் உறை கிடந்துச்சு. அதுல எங்கக்கா பேச்சு முதல் கோப்பு, அரை நிமிஷ நிசப்தம் ரெண்டாவது. நம்ம ரெக்கார்டர் பதியும்போதே கோப்புறைப் பேரையும் எண்ணையும் போட்டுடும். இவன் எடிட்டைத் திறந்து, அந்த இடைவெளித் துண்டோட பேரைப் பாருங்க சார்."

பேராசிரியர் திறந்தார். பெரிய திரையில் மாமாவின் நீலப் பட்டைகளுக்கு நடுவே சின்னச் சின்னப் பச்சைத் துண்டுகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரே பெயர்: அக்கா-2.

வகுப்பே மைக்செட்டைத் திரும்பிப் பார்த்தது.

"காப்பிதான் பண்ணப் பார்த்தேன் சார்," என்றான் மைக்செட். "அவசரத்துல கட் குடுத்துட்டேன். ரெண்டும் என் மெஷினுக்கு வந்துடுச்சு. அண்ணன் பூட்ட வந்துட்டாரு. திருப்பிப் போட்டா மாட்டிக்குவேன்னு பயந்து..."

"அக்கா-1 எங்க?" என்றாள் அவள்.

"அழிச்சிட்டேன். அது எனக்குத் தேவைப்படலை."

"கேட்டியா, அழிக்கிறதுக்கு முன்னாடி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இல்லை. யாரோ பேசுறாங்கன்னு..."

"யாரோ இல்லைடா. எங்கக்கா. வருஷக்கணக்கா அடக்கி வச்சிருந்ததைப் பேசினா. அதைக் குப்பையில கொட்டிட்டு, அவ வாயை மூடினப்புறம் இருந்த சும்மாவை எடுத்து உங்க மாமாவுக்கு ஒட்டுப் போட்டிருக்க."

அழித்ததை மீட்க அண்ணன் மாலைவரை மல்லுக்கட்டினார். முடியவில்லை. மைக்செட்டின் மதிப்பெண்ணை அடித்த பேராசிரியர், அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"ஒரு வாரம் தர்றேன்மா. மறுபடி பதிஞ்சிட்டு வா."

"அவ மறுபடி பேசமாட்டா சார். நீங்க காலையில சொன்ன அதே வார்த்தையைத்தான் அவளுக்கும் சொன்னாங்க. ரெண்டு இடத்துலயும் யாரும் மெஷினைத் திறந்து பார்க்கலை."

அவள் கதவைச் சாத்தாமல் வந்துவிட்டாள்.

வீட்டில் அக்கா இடது கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தங்கை நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். வெங்காயம் அப்படியே நின்றது. தலைக்குமேல் ஃபேன் கிறீச்சிட்டுச் சுழன்றது.

"நான் பேசினது அவனுக்குத் தேவைப்படலையாமா?"

"அப்படித்தான் சொன்னான்."

"கவனக்குறைவுன்னு உன்னையுமா சொன்னாங்க?"

"ம்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, சுவருக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"மெஷினை எடுடீ. போன தடவை முதலாளி பேரைச் சொல்லாம விட்டுட்டேன்."

தங்கை ரெக்கார்டரை எடுத்து வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஞாபகம் வந்தவளாய் ஃபேனை அணைக்க எழுந்தாள்.

"விடு," என்றாள் அக்கா. "அது ஓடட்டும்."