வாய் திறக்காத ஓட்டை

ஜெசி வீட்டு லோடு வண்டியில் ஒரு கஞ்சன் இருந்தான். அவனைப் பற்றி ஜெசிக்கும் அவள் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

கஞ்சன் ஆள் இல்லை, ஓட்டை. வண்டியின் அடியில் நீளமாக இரண்டு இரும்புச் சட்டங்கள் ஓடும். டிரைவர்கள் அதைச் ‘சேஸ்’ என்பார்கள். மொத்த வண்டியும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சட்டத்தின் உள்ளே வெறும் பொந்து. அதற்குள் மேல் இடுக்குகள் வழியாகப் புகுந்துவிட்ட தண்ணீர் வெளியே வடிவதற்காக அடியில் அங்கங்கே சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். பின்சக்கரத்துக்குப் பக்கத்து ஓட்டை மட்டும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத்தான் விடும். அதனால்தான் அந்தப் பெயர்.

ஜெசியின் அப்பா கிங்ஸ்டன், தூத்துக்குடி உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றிவந்து திருநெல்வேலிக் கடைகளுக்குப் போடுகிறவர். உப்புக்கும் இரும்புக்கும் ஆகவே ஆகாது. அதனால் ஒவ்வொரு நடை முடிந்ததும் வண்டியின் அடிப்பக்கத்தை உப்பில்லாத நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும். அப்பா சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைப்பார். கல் வைக்காமல் ஜெசி உள்ளே போகமாட்டாள். பிறகு பழைய கோரைப்பாயை விரித்து, மல்லாந்து படுத்து, அடியில் நுழைவாள். ஒரு கையில் தண்ணீர்க் குழாய், இன்னொரு கையில் விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கு. ஈர்க்கால் குத்தினால் ஓட்டையை அடைத்திருந்த மண்ணும் உப்பும் பொலபொலவென்று உதிரும். பின்னாலேயே தண்ணீர் வரும்.

“கஞ்சன் குடுத்துட்டானாட்டி?” என்று அப்பா வெளியிலிருந்து கேட்பார்.

“குடுக்குதான்ப்பா! பைய பைய குடுக்குதான்!”

இவ்வளவு கவனத்துக்கும் காரணம் இருந்தது. இதற்கு முன்பு அவர்களிடம் வேறொரு வண்டி இருந்தது. வெளியே பார்த்தால் பளபள. ஒருநாள் பட்டறைக்காரர் அதன் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டது. உள்ளே முழுக்கத் துரு. அன்று அப்பா ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டாலும் திரும்பவில்லை. அந்த முகத்தை ஜெசி மறக்கவேயில்லை.

இப்போதைய வண்டியும் ஒன்றும் அழகு ராணி இல்லை. ஆனாலும் வருஷத்தில் ஒருநாள் அதற்கு ராஜ மரியாதை உண்டு. ஊரே ஆலயத்தில் கூடி உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு முந்தைய நாள்தான் அது. அன்று சாயங்காலம் பாட்டுப் பாடிக்கொண்டே வீடுவீடாகப் போய், அரிசி, கத்தரிக்காய், தேங்காய், விறகு என்று கொடுப்பதையெல்லாம் வாங்கி அந்த வண்டியில் ஏற்றுவார்கள். முன்சீட்டில் ஜெசி இருப்பாள். ஒவ்வொரு வாசலிலும் ஹாரன் அடிப்பது அவள் வேலை. அவளைத் தவிர வேறு யாரும் அந்த ஹாரனைத் தொடமுடியாது.

எதிர்வீட்டு எஸ்றா மாமா புது வண்டி வாங்கும்வரை அப்படித்தான் இருந்தது.

வெள்ளை வெளேரென்று வந்து நின்றது வண்டி. அவர் மகள் டெபோரா ஜெசியின் வகுப்புதான். வண்டி வந்த அன்றே தெருவுக்கு ஓடிவந்தாள்.

“ஏட்டி ஜெசி, எங்க வண்டிக்கு அடியில என்ன இருக்கு தெரியுமா? கறுப்புக் கோட்டிங்! அப்பா தனியா ஆள்வச்சு அடிச்சாரு. இனிமே துருவே பிடிக்காதாம். கழுவவே வேண்டாமாம்!”

“அப்படியா” என்றாள் ஜெசி.

“நீதான் பாவம். எலி மாதிரி அடியில போயிப் போயி வரணும்.”

ஜெசியின் காதில் புகை வராத குறைதான். நேற்றுவரை வண்டிக்கு அடியில் போவது அவளுக்குப் பெருமை. இன்றைக்கு அது எலி வேலையாகிவிட்டது!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் பெரிய இடி விழுந்தது. ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயர் எழுந்து, “இந்த வருஷம் அசனக் காணிக்கை எடுக்க எஸ்றா தம்பி தன் புது வண்டியைத் தருகிறார்” என்று அறிவித்தார். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். ஜெசியின் அப்பாவும் தலையாட்டிச் சிரித்தார்! வீட்டுக்கு வந்த ஜெசி, இட்லித் தட்டைப் பாதியில் தள்ளிவைத்தாள்.

“எதுக்குட்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?” என்றாள் அம்மா.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டு இட்லியோட எந்திரிக்கே?”

அன்றிலிருந்து எதிர்வீட்டு வண்டியில் குற்றம் கண்டுபிடிப்பதே ஜெசியின் வேலையாகிவிட்டது. பள்ளிக்கூடம் போகும்போதும் பார்த்தாள், வரும்போதும் பார்த்தாள். ஒரு கீறல்? இல்லை. நம்பர் பலகையாவது கோணலா? அதுவும் இல்லை. இப்படி ஒரு வண்டியை ஆண்டவர் ஏன் எஸ்றா மாமாவுக்குக் கொடுத்தார் என்று அவளுக்கு ஆண்டவர் மேலேயே கொஞ்சம் கோபம்.

எஸ்றா மாமாவும் உப்பு நடைதான் அடித்தார். ஐப்பசி மழை வேறு. நனைந்த மூட்டைகளிலிருந்து உப்புத் தண்ணீர் வழிய வழிய வண்டி வரும். ஒருநாள் மழை விட்டபிறகு, அவர் வண்டியை வாசலை நோக்கிப் பின்னால் எடுத்து, டக்கென்று பிரேக் போட்டார்.

சளக்.

ஜெசி காதைத் தீட்டினாள். மாமா இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். மறுபடியும் சளக் சளக். வண்டியில் மூட்டையும் இல்லை, குடமும் இல்லை. மாமா வீட்டுக்குள் போனதும் ஜெசி தெரு ஓரத்தில் குந்தி, குனிந்து அடியில் பார்த்தாள். கறுப்புக் கோட்டிங் மொழுமொழுவென்று இருந்தது. ஓட்டைகளைக் காணோம்! பூசியவர் எல்லாவற்றையும் சேர்த்து மூடிப் பூசிவிட்டார்.

‘எங்க வண்டியில ஒரு ஓட்டைதான் கஞ்சன். இங்கன எல்லாமே கஞ்சனால்லா இருக்கு!’

உப்புத் தண்ணீர் சட்டத்துக்குள் போய் மாட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே பளபள, உள்ளே துரு. எப்படி முடியும் என்பது ஜெசிக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? பாவமே என்று தோன்றியிருக்க வேண்டும். அவளுக்கோ குதிக்கலாம் போல இருந்தது. ‘துருப்பிடிக்கட்டும். அடுத்த அசனத்துக்கு எங்க வண்டிதானே வரணும்!’

யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம்கூட மூச்சு விடவில்லை. அன்று இட்லி நிறைய இறங்கியது.

அசனத்துக்கு முந்தைய நாள் வந்தது. தெருவில் பாட்டுச் சத்தம். அப்பா டோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட ஜெசி முடிவு செய்திருந்தாள். ஆனால் டெபோரா வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

“வா ஜெசி! எந்த வீட்டுல எப்ப ஹாரன் அடிக்கணும்னு எனக்குத் தெரியாதுல்லா.”

வேண்டா வெறுப்பாகத்தான் ஜெசி போனாள். புதுச் சட்டையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டாள். முன்சீட்டில் டெபோரா நடுவில், ஜெசி ஓரத்தில். டெபோரா வாசல் வருவதற்கு முன்பே ஹாரன் அடித்தாள். வாசல் தாண்டியபிறகும் அடித்தாள். ஒரு மாட்டுக்கும் அடித்தாள். ஜெசி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

வண்டி கால்வாய்ப் பாலத்தில் ஏறியது. சளக் சளக் சளக்.

“அது என்ன சத்தம்ப்பா?” என்றாள் டெபோரா.

“தேங்காய் உருளுதாயிருக்கும்” என்றார் எஸ்றா மாமா. ஸ்டியரிங்கை ஆசையாகத் தடவினார். “என் ராசாத்தி வண்டி! டெபோரா காலேஜ் முடிக்கிற வரைக்கும் இது ஓடும் பாரு. ஒரு துரு அண்டாது.”

ஜெசி அவர் முகத்தைப் பார்த்தாள். நல்ல சிரித்த முகம். திடீரென்று அந்த முகத்தின் இடத்தில், கவிழ்ந்த வாளிமேல் உட்கார்ந்திருந்த அப்பாவின் முகம் தெரிந்தது.

“மாமா, நிறுத்துங்க! அது தேங்காய் இல்ல. சேஸுக்குள்ள தண்ணி நிக்குது. உப்புத் தண்ணி!”

பாலம் தாண்டி அப்பாத்துரை தாத்தா வீட்டு வாசலில் வண்டி நின்றது. பாட்டும் நின்றது. ஜெசி இறங்கி, எல்லா ஓட்டையையும் கோட்டிங் மூடியிருக்கிறது, குத்தித் திறக்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

“குத்தணுமா?” எஸ்றா மாமா பதறிப்போனார். “ஏட்டி, புதுக் கோட்டிங்!”

டெபோராவின் முகம் சிவந்தது. “உனக்குப் பொறாமை! எங்க வண்டி வந்ததிலேர்ந்தே உனக்குப் பொறாமை. அதான் குத்திக் கெடுக்கப் பாக்கே!”

எல்லாரும் ஜெசியையே பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். ஜெசிக்கு அழுகை முட்டியது. ஆனாலும் நகரவில்லை.

“ஆமா, பொறாமைதான். நெறைய்ய பொறாமை. ஆனா தண்ணியும் இருக்கு. ரெண்டும் நெசம்.”

அப்பா டோலக்கைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“லே எஸ்றா, பின்பக்கத்தைப் பிடி. எல்லாரும் கொஞ்சம் சத்தம் போடாம இருங்க.”

இரண்டு பேரும் வண்டியைப் பிடித்து ஆட்டினார்கள். சளக்... சளக்... இப்போது எல்லாருக்கும் கேட்டது. எஸ்றா மாமாவின் சிரிப்பு காணாமல் போனது.

“கல்லு வைங்க” என்றாள் ஜெசி.

கல் வைத்தார்கள். அவள் அப்பாத்துரை தாத்தாவின் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினாள்.

“ஏ பிள்ள! கத்தரிக்காய் குடுக்கத்தான் நின்னேன். வெளக்குமாத்தையுமா கேக்கிய?” என்றார் தாத்தா.

ஈர்க்கு வளைந்ததே தவிர, கோட்டிங் அசையவில்லை. எஸ்றா மாமா வண்டிக்குள் கைவிட்டுத் திருப்புளியை எடுத்தார். ஒரு கணம் தயங்கினார். பிறகு ஜெசியிடம் நீட்டினார்.

ஜெசி அடியில் நுழைந்து, ஓட்டை இருக்கும் குழியைத் தடவிக் கண்டுபிடித்து ஒரு குத்துக் குத்தினாள். கறுப்புத் தோல் கிழிந்தது. மறுநொடி கெட்டி டீ நிறத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மூக்கு, வாய், புதுச் சட்டை, ஒன்றும் மிச்சமில்லை.

“த்தூ! உப்பு!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்பா குனிந்து சட்டத்தைச் சாவியால் தட்டிப் பார்த்தார். டங் டங் என்றது.

“சேஸு கெட்டியாத்தான் இருக்கு எஸ்றா. துரு இப்பதான் பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. நல்ல தண்ணி விட்டு அலசி, காயவச்சு, உள்ள எண்ணெய் அடிச்சிருவோம். ஒண்ணும் ஆகாது.”

எஸ்றா மாமா அப்படியே படியில் உட்கார்ந்து மூச்சு விட்டார். பிறகு எழுந்து முன்கதவைத் திறந்தார். “ஏறுட்டி ஜெசி. மீதி வீட்டுக்கு நீதான் ஹாரன்.”

“சீட்டு அழுக்காகும் மாமா.”

“ஆகட்டும்.”

டெபோரா நகர்ந்து உட்கார்ந்து, ஹாரன் பக்கத்து இடத்தை விட்டுக்கொடுத்தாள். ஜெசி ஒரு வீட்டுக்கு அடித்தாள். அடுத்த வீட்டுக்கு டெபோராவின் கையைப் பிடித்து வைத்து, “இப்ப!” என்றாள். டெபோரா சரியான வாசலில் அடித்தாள்.

அசனம் முடிந்த சனிக்கிழமை, எஸ்றா மாமா வண்டிக்கு அடியில் இரண்டு பேர் கோரைப்பாயில் மல்லாந்து கிடந்தார்கள். ஆளுக்கொரு ஈர்க்கு.

“ஏட்டி, உனக்கு இது எப்பத் தெரியும்?” என்றாள் டெபோரா.

ஜெசி ஈர்க்கையே பார்த்தாள். “அசனத்துக்கு ரொம்ப முந்தியே. சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன்.”

டெபோரா தன் ஓட்டையைக் குத்திக்கொண்டே இருந்தாள். அந்த ஓட்டை எதையும் வெளியே விடவில்லை.

கடைசியில் டெபோரா சொன்னாள். “உங்க வண்டியில கஞ்சன் இருக்கான்னு சொன்னேல்லா. எங்க வண்டியில இந்த ஓட்டைக்கும் ஒரு பேரு வச்சுட்டேன்.”

“என்ன பேரு?”

“ஜெசி.”

“எதுக்கு என் பேரு?”

“எல்லாத்தையும் உள்ள வச்சுக்கிட்டு வாயத் திறக்க மாட்டேங்குதுல்லா. அதான்!”

சொல்லி முடிப்பதற்குள் ஓட்டை திறந்து, தண்ணீர் டெபோராவின் மூக்கிலேயே கொட்டியது.

“அப்பா!” என்று கத்தினாள் டெபோரா. “ஜெசி வாயத் திறந்துட்டா!”

வண்டிக்கு அடியிலிருந்து முதலில் சிரித்தது ஜெசிதான்.