எண்பதுக்கு மேல்

மனித குலத்தின் துன்பங்கள் அனைத்துக்கும் மூல காரணம் நூறு சதவீதம் சார்ஜ் போடுவதுதான் என்பதை அவன் சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவியிருந்தான். ஸ்மார்ட்வாட்ச் பேட்டரி இருபதுக்குக் கீழே இறங்கக் கூடாது, எண்பதுக்கு மேலே ஏறக் கூடாது. ஆறு வருடமாக வாட்ச் பழுதுபார்க்கும் அவனுக்கு, கடை முன்பக்கம் பில் போடும் அக்கா வைத்த பெயரே 'எண்பது'. சாப்பாட்டையும் எண்பதோடு நிறுத்திக்கொள்கிறான் என்று அவள் சொல்லித் திரிவதில் பாதி உண்மை.

அன்று மத்தியானம் வந்த அம்மாளின் கைப்பைக்குள்ளிருந்து ஒரு வயர் எட்டிப் பார்த்தது. பவர் பேங்கோடு ஒட்டியபடியே ஒரு வாட்சை எடுத்து வைத்தார். பேட்டரி உப்பிக் கண்ணாடியைத் தூக்கியிருந்தது. யார் கையிலும் இல்லாத அதன் அடியோரம் நாடி பார்க்கும் பச்சை விளக்கு மினுக்கியது.

"எவ்வளவு நாளா சார்ஜர்லயே கிடக்கு?"

"பதினாலு மாசம்."

"இது வாட்சாம்மா, ஐசியூ பேஷண்டா? ராப்பகலா ஊட்டிக்கிட்டே இருந்தா வயிறு இப்படித்தான் உப்பும்."

அக்கா களுக்கென்று சிரித்தாள். அம்மாள் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரோடது. படுத்த படுக்கையா இருக்காரு. பேட்டரிய மாத்துங்க தம்பி, ஆனா அணையாம பாத்துக்கங்க."

அணைக்காமல் பேட்டரி மாற்ற முடியாது. அதை அவன் சொல்லவில்லை. "ஆகட்டும்மா" என்று வாங்கிக்கொண்டான்.

உப்பிய பேட்டரியை நிறை சார்ஜோடு திறந்தால் தீப்பிடிக்கலாம். இருபதுக்கு இறக்கிவிட்டுத்தான் கத்தி வைக்க வேண்டும். பவர் பேங்க் வயரைக் கழற்றினான். சும்மா கிடந்தால் திரை தூங்கிவிடும் என்பதால் தன் கையிலேயே கட்டிக்கொண்டு, வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, வாட்சில் ஓட்டப் பயிற்சிப் பதிவை முடுக்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். பின்னறையில் ஸ்பிரிட் வாசனையோடு உப்பிய பேட்டரிக்கே உரிய தித்திப்பு நாற்றமும் கலந்து மிதக்க, மின்விசிறி சுற்றுக்கு ஒரு முறை முனக, அக்கா ரசீது கிழிக்கும் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலத் தேய்ந்து தேய்ந்து வந்துகொண்டிருந்தது. பேட்டரி அறுபத்துநான்கு. நாடித் துடிப்பு அறுபத்துநான்கு. வேடிக்கைதான்.

ஐம்பத்தொன்று. ஐம்பத்தொன்று.

சென்சார் கோளாறு என்று சொல்லிக்கொண்டான். விரல் நுனிகள் சில்லிட்டிருந்தன. புழுக்கமான அறை.

முப்பத்தெட்டு. கழுத்தில் இரண்டு விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினான். முப்பத்தேழு. திரையிலும் அதே.

அவிழ்த்து மேசையில் எறிந்தான். எண் நிற்கவில்லை. முப்பது. அக்காவைக் கூப்பிடப் பார்த்தான். குரல் எழவில்லை.

அவளே கடை போனோடு வந்தாள். "அந்த வாட்ச் அம்மா. ஏண்டா, மூஞ்சி வெளுத்துக் கிடக்கு?" கையில் திணித்துவிட்டு, முன்னால் யாரோ கூப்பிட, ஓடினாள்.

"தம்பி, அவரு எழுந்து உக்காந்துட்டாரு. தண்ணி கேட்டாரு." அழுகையா சிரிப்பா, தெரியவில்லை. "நீங்க அத கையில கட்டினீங்களா?"

"ம்."

போன் கைமாறியது. ஓர் ஆண் குரல் செருமிவிட்டுப் பேசியது.

"இனிமே அத சார்ஜர்லேர்ந்து எடுத்துடாதீங்க, கண்ணு."

இணைப்பு அறுந்தது.

இருபத்துநான்கு. மேசையின் சார்ஜர் இரண்டு முறை விரலிலிருந்து நழுவியது. மூன்றாவது முறை காந்தம் கவ்வியது. முப்பது. ஐம்பது. மூச்சு திரும்பியது. எண்பதில், ஆறு வருடப் பழக்கத்தில், கை தானாகப் பிளக்குக்குப் போனது.

நின்றது.

எண்பத்தொன்று.

பொழுது சாய அக்கா எட்டிப் பார்த்தாள். "எண்பதாரே, கிளம்பலாமா? அடேய், நூறுல நிக்குது! நீயா இப்படி?"

"நீ போக்கா."

ஷட்டர் பாதி இறங்கியது. தித்திப்பு நாற்றம் கெட்டியானது. நெஞ்சு நூறில் ஓடியது. அவன் மூச்சை இழுத்தான். வாட்சின் கண்ணாடி ஒரு நூலளவு எழும்பியது. விட்டான், தாழ்ந்தது. இழுத்தான். எழும்பியது. 'டிக்' என்ற சத்தத்தோடு அதன் ஓரத்தில் ஒரு மயிரிழை விரிசல்.

அடுத்த மூச்சை அவன் மிக மெதுவாக இழுத்தான்.