எடுக்காத பொட்டலம்

தொழுவத்தில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த கருத்தம்மாளின் காதில், அடுப்படிப் பேச்சு ஒன்று விடாமல் விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் அது பேசப்பட்டது.

"நர்சுக்குப் படிக்கப் போறாகளாம், நர்சுக்கு... கண்டவன் சீழையும் தொடைக்கிறதுக்கு எதுக்குப் பத்து வருசம் பள்ளிக்கூடம்? ஆத்தா தொழுவத்துல அள்ளுறா, மக ஆஸ்பத்திரியில அள்ளட்டும். பொருத்தமாத்தான் இருக்கு."

பேசியவள் சோலையம்மாள், அந்த வீட்டின் மூத்த மருமகள். அவள் புருஷன் வெள்ளைச்சாமிக்கு நயினார்கோவிலில் நஞ்சையும் மிளகாய்க் கொல்லையும் உண்டு. அவருடைய தம்பி இறந்த பிறகு, தம்பி மனைவி கருத்தம்மாளும் மகள் நாகலெட்சுமியும் அவர் நிழலில்தான் இருந்தார்கள். அந்த நிழலுக்குக் கூலியாக விடியலில் தொடங்கிப் பொழுது அடையும்வரை கருத்தம்மாள் உழைத்தாள். யாரும் அதை உழைப்பென்று சொன்னதில்லை.

பள்ளி இறுதி வகுப்பில் தேறிய நாகலெட்சுமிக்கு மதுரை ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து அழைப்பு வந்திருந்தது. மூன்று வருஷம் பயிற்சி. சோறும் தங்க இடமும் அவர்களே தருவார்கள், கைச்செலவுக்கும் ஏதோ கொஞ்சம். படிப்பு முடிந்தால் வேலை உண்டா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அந்த மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும்.

வெள்ளைச்சாமிக்கு வேறொரு யோசனை. பஞ்சாயத்து யூனியன் வந்த புதுசு அது. ஊரில் பால்வாடி ஒன்று திறக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அதற்கு ஒரு டீச்சரம்மா வேண்டும்.

"சொல்ல வேண்டிய எடத்துல சொல்லி வச்சிருக்கேன். அனேகமா நம்ம புள்ளைக்குத்தான். மாசம் பொறந்தாச் சம்பளம்" என்றார், கஞ்சியைக் குடித்தபடி.

கருத்தம்மாள் கதவோரம் வந்து நின்றாள். "அனேகமான்னா... எப்ப கெடைக்கும் அத்தான்?"

"எப்பவா? கட்டடம் கட்டணும், உத்தரவு வரணும். நீ வேணும்னா போயி கலெக்டரைக் கேட்டுட்டு வா."

சோலையம்மாள் சிரித்தாள். "அவ கேப்பா. சாணிக் கையோடயே போயி கேப்பா."

நாகலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவை இப்படிப் பேசக் கேட்டே வளர்ந்தவள் அவள். ஆனால் அவளுக்குத் தலை பின்னிவிட்டதும், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டதும் பெரியம்மாதான். பிள்ளையில்லாத சோலையம்மாள் அந்தப் பெண்ணிடம் மட்டும் ஒருநாளும் சுடுசொல் சொன்னதில்லை.

"எதுக்கு வீண் பேச்சு? நாகநாதர் சந்நிதியில பூக்கட்டிப் பாப்போம். சாமி சொல்றபடி செய்வோம்" என்றாள் சோலையம்மாள்.

கருத்தம்மாளுக்கு அது நிம்மதியாகவே இருந்தது. மனிதர்களிடம் தோற்றுப் பழகியவள் அவள். சாமியிடம் தோற்றால் வலிக்காது என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை நால்வரும் கோவிலுக்குப் போனார்கள். குருக்கள் எடுக்கும் பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை வந்தால் மதுரைக்குப் போகலாம். சிவப்பு அரளி வந்தால் ஊரிலேயே இருக்க வேண்டும். இலையில் பூவைச் சுற்ற கருத்தம்மாள் கை நீட்டியபோது சோலையம்மாள் தட்டிவிட்டாள்.

"தாலியறுத்த கை... நீ தொட்டுக் கட்டினா வெளங்குமா? தள்ளி நில்லு."

குருக்களுக்கு முன்னாலேயே சொன்னாள். கருத்தம்மாள் தள்ளித்தான் நின்றாள். தூணுக்கு அந்தப் பக்கம் போய், சோலையம்மாள் தானே இரண்டு பொட்டலங்களையும் வாழை நாரால் கட்டிக்கொண்டு வந்தாள்.

குருக்கள் பூசை முடித்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

நாகலெட்சுமியின் கண்கள் நிறைந்துவிட்டன. கருத்தம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அவன் உத்தரவு அதுதான்னா... சரித்தாண்டி ஆத்தா, அழாத" என்றாள்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது அந்த ஊரில் பாவம். பிரித்துப் பார்த்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாகிவிடும். கட்டு அவிழாமல் கோவில் குளத்தில் விட்டுவிடுவார்கள்.

"இந்தா, இதைக் கொண்டுபோயி தண்ணியில போடு. தூக்கிப் போடுறதுக்கு உன் கை போதும்" என்றாள் சோலையம்மாள்.

கருத்தம்மாள் குளத்துப் படியில் இறங்கிப் பொட்டலத்தைத் தண்ணீரில் விட்டாள். கும்பிட்ட கையை எடுக்குமுன் ஈர நார் நழுவியது. இலை மெல்ல விரிந்தது. உள்ளேயிருந்து மிதந்து வந்த பூவும் சிவப்பாகவே இருந்தது.

பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது. நாலு படி மேலே சோலையம்மாள் நின்றிருந்தாள். அவளும் பூவைப் பார்த்துவிட்டாள்.

"பாத்துட்டியா? போ... போயி ஊரைக் கூட்டிச் சொல்லு."

கருத்தம்மாள் திரும்பி, அவளை உச்சி முதல் கால்வரை பார்த்தாள். அப்படி அவள் யாரையும் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் தன்மேல் விழுந்த ஏளனமெல்லாம் அந்த ஒரு பார்வையில் திரும்பிப் போனது.

"என்னைய ஏமாத்துனா எனக்குப் புதுசு இல்ல. சாமியவுமா அக்கா..."

"அவ போயிட்டா எனக்கு அந்த வீட்டுல யாரு இருக்கா?" சோலையம்மாளின் குரல் உடைந்தது. "நீ பெத்தவ. அவ எங்கன இருந்தாலும் உன் மகதான். எனக்கு... கண்ணு முன்னால இருந்தாத்தானே?"

கருத்தம்மாள் இரண்டு படி ஏறி வந்தாள்.

"இதைச் சொல்லியிருந்தா நானே அவளை நிறுத்தியிருப்பேன். வேற யாரு, நீங்க வளத்த புள்ளதானே... வாங்க, போவோம்."

சந்நிதியில் வெள்ளைச்சாமி காத்திருந்தார். கருத்தம்மாள் அவர் முன்னால் தலை குனிந்து நின்று, "கை தவறிப் பொட்டலத்தைப் பிரிச்சுட்டேன் அத்தான். பாவம் என்னோட போகட்டும். மறுபடியும் ஒருதடவை கட்டிக் கேக்கணும்... அக்காவே கட்டட்டும்" என்றாள்.

வெள்ளைச்சாமிக்கு முகம் சிவந்தது. "கை தவறிச்சா? புத்தி தவறிப்போச்சு. மகளை அனுப்பணும்னா சாமி உத்தரவையே கெடுப்பியா? சோத்துக்கு வந்த எடத்துல இந்தத் துணிச்சலா? என் தம்பி செத்த அன்னைக்கே உன்னைய உங்க அண்ணன் வீட்டுக்குப் பத்திவிட்டிருக்கணும். தூ..."

கோவிலுக்கு வந்திருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கருத்தம்மாள் அசையாமல் நின்றாள். சோலையம்மாள் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அதைத்தான் சோலையம்மாளால் தாங்க முடியவில்லை.

"அவளைப் பேசாதீக" என்றாள். "அவ பிரிக்கல. தண்ணியில தானா விரிஞ்சுச்சு. ரெண்டுலயும் செவப்பைத்தான் வச்சேன்... நான்தான் வச்சேன்."

ஏசுவதற்கு வெள்ளைச்சாமியிடம் இருந்த சொல்லெல்லாம் தம்பி மனைவிக்கே செலவாகிவிட்டிருந்தது.

"அப்ப... மறுபடியும் கட்டுவோமா?" என்றார் கடைசியில்.

"எந்த மூஞ்சியோட நான் மறுபடி கேக்குறது?" என்றாள் சோலையம்மாள்.

கருத்தம்மாள் மகள் பக்கம் திரும்பினாள். "எல்லாரையும் கேட்டோம். உன்னைய ஒரு வார்த்தை கேக்கல. நீ சொல்லு ஆத்தா. போறியா, இருக்கியா?"

நாகலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போறேம்மா" என்றாள். பிறகு பெரியம்மாவிடம் போய் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "லீவு விட்டா உங்ககிட்டதான் வருவேன் பெரியம்மா... நீங்க போகச் சொல்லணும்."

சோலையம்மாள் அவளை இறுகக் கட்டிக்கொண்டு அழுதாள். "போ... போயிட்டு வா" என்றாள். நாகலெட்சுமியை அணைத்த கை ஒன்று தானாக நீண்டு, கருத்தம்மாளின் கையைப் பிடித்தது.

வீட்டுக்கு வந்ததும் கருத்தம்மாள் வழக்கம்போலத் தொழுவத்துப் பக்கம் திரும்பினாள். சோலையம்மாள் அவளைக் கூப்பிட்டு அடுப்படியில் உட்காரச் சொன்னாள். மற்றவர்களுக்குப் போடுமுன் முதல் இலையை அவளுக்கு விரித்து, சூடாகச் சோற்றைப் பரிமாறினாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை.

"சாப்பிடு" என்றாள்.

கருத்தம்மாள் சாப்பிட்டாள்.